எந்திரத்துக்குப் பாடம் எழுதிய சீமாட்டி
கவிஞர் பைரன் மகள் அடாவின் கதை

புதுக்கோட்டையில் இருந்து சுமார் 20 கிலோ மீட்டர் தொலைவில் குடுமியான்மலை இருக்கிறது. அங்கே மலையைக் குடைந்து செய்த ஒரு பழைய குகைக் கோவில். அதை ஒட்டிய பாறையில் வரிவரியாக எழுத்துகள் வெட்டப்பட்டு இருக்கின்றன.

அவை பாட்டுச் சுரங்கள். ஏழு பகுதிகளாக அவை பிரிக்கப்பட்டு இருக்கின்றன. ருத்ராசாரியார் என்பவரின் சீடரான ஓர் அரசர், மாணவர்களின் நன்மைக்காக இவற்றைச் செய்தார் என்று கல்வெட்டே சொல்லுகிறது. அந்த அரசர் மகேந்திரவர்ம பல்லவன்தான் என்று முன்பு பலர் எண்ணினார்கள். அரசரின் பெயர் கல்லில் இல்லாததால், அதில் சந்தேகம் கொள்கிறவர்களும் உண்டு.

இந்தக் கல்லில் ஒரு புதிர் இருக்கிறது.

ச என்ற ஒரே சுரம் ச, சி, சு, செ என்று நான்கு விதமாக எழுதப்பட்டு இருக்கிறது. மற்ற சுரங்களும் அப்படியே. ஏன் இந்த வேறுபாடு? அந்தக் கால மாணவனுக்கு அது தெரிந்து இருக்கும். தெரியாவிட்டால், பக்கத்தில் இருந்த ஆசிரியரைக் கேட்டு இருப்பான்.

ஆசிரியர் மறைந்தார். மாணவனும் மறைந்தான். கல் மட்டும் நிற்கிறது. அந்த நான்கு குறிகளுக்கும் என்ன பொருள் என்று அறிஞர்கள் இன்றும் ஆளுக்கு ஒன்று சொல்லுகிறார்கள்.

எழுதியவர் பக்கத்தில் இல்லாதபோதும், படிக்கிறவருக்கு விளங்க வேண்டும். எழுத்துக்கு அதுதான் பரீட்சை.

படிக்கிறவர் மனிதர் என்றால் கொஞ்சம் ஊகித்துக் கொள்வார். படிப்பது ஓர் எந்திரமாக இருந்தால்?

அப்படி, எந்திரம் தவறாமல் நடப்பதற்கு ஏற்றபடி பாடம் எழுதிய ஒரு பெண் இருந்தார். அவர் எழுதிய காலத்தில் மின்சார விளக்குகூட வீடுகளுக்கு வரவில்லை. அந்தப் பெண்ணின் பெயர் அடா லவ்லேஸ்.

கவிஞர் மகள்

1815-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி லண்டனில் அடா பிறந்தாள். தந்தை பைரன் பிரபு. இங்கிலாந்து முழுவதும் புகழ் பெற்ற கவிஞர். அவருடைய கவிதைக்கு எவ்வளவு புகழோ, அவ்வளவு கெட்ட பெயர் அவருடைய நடத்தைக்கு!

குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆனது. தாய் அன்னபெல்லா குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன் பெற்றோர் வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த சில மாதங்களில் பைரன் நாட்டை விட்டே வெளியேறினார். மகளை அவர் மறுபடியும் பார்க்கவே இல்லை. 1824-ல் கிரேக்க நாட்டில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 36. அடாவுக்கு வயது 8.

தகப்பனாரின் படத்தைக்கூட அந்தப் பெண்ணுக்குக் காட்டாமல் மூடி வைத்து இருந்தார்கள்.

தாய்க்கு ஒரே பயம். தந்தையின் குணம் மகளுக்கு வந்துவிடக் கூடாது! கற்பனையில் மிதந்தால் பெண் கெட்டுப் போவாள் என்று அவர் நினைத்தார். அதற்கு மருந்து கணக்கு என்று முடிவு செய்தார். சிறு வயதிலேயே ஆசிரியர்களை வைத்துக் கணக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்.

ஆனால் நடந்தது வேறு. கணக்கு வந்தது, கற்பனையும் போகவில்லை.

பறக்க ஆசை

12 வயதில் அடாவுக்குப் பறக்க வேண்டும் என்று ஆசை வந்தது. மற்றக் குழந்தைகள் ஆசைப்படுவதோடு விட்டுவிடுவார்கள். அடா விடவில்லை. பறவைகளின் உடலுக்கும் சிறகுக்கும் என்ன அளவு என்று ஆராய்ந்தாள். எந்தப் பொருளால் சிறகு செய்யலாம் என்று யோசித்தாள். நீராவியால் பறக்கும் குதிரை ஒன்றுக்கும் திட்டம் போட்டாள்.

மறு ஆண்டு பெரிய துன்பம் வந்தது. அடாவை அம்மை நோய் தாக்கியது. கால்கள் விளங்காமல் போயின. ஓர் ஆண்டுக் காலம் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். பிறகு கட்டைகளை ஊன்றி நடந்தாள். அப்போதும் படிப்பு நிற்கவில்லை.

உடம்பு அன்று முதல் அவரைத் தொல்லைப்படுத்திக்கொண்டே இருந்தது.

கணக்குப் போடும் எந்திரம்

1833-ல் அடாவுக்கு வயது 17. லண்டனில் ஒரு விருந்தில் சார்லஸ் பாபேஜ் என்ற கணித மேதையைச் சந்தித்தார். பாபேஜ் தன் வீட்டில் ஒரு விசித்திரமான எந்திரத்தை வைத்து இருந்தார். பித்தளைச் சக்கரங்களால் ஆனது அது. கைப்பிடியைச் சுற்றினால் சக்கரங்கள் உருண்டு, கணக்கின் விடை வந்து நிற்கும்.

விருந்தாளிகள் அதைப் பொம்மையைப் பார்ப்பது போலப் பார்த்து வியந்தார்கள். அடா மட்டும் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தார்.

பாபேஜ் விரைவில் அதைவிடப் பெரிய எந்திரம் ஒன்றைத் திட்டமிட்டார். முதல் எந்திரம் ஒரு வகைக் கணக்குத்தான் போடும். புதிய எந்திரமோ எந்தக் கணக்கைச் சொன்னாலும் போடும்.

அதில் இரண்டு முக்கிய பாகங்கள். ஒன்று, எண்களைச் சேர்த்து வைக்கும் களஞ்சியம். மற்றொன்று, கணக்குப் போடும் ஆலை. களஞ்சியத்தில் இருந்து நெல்லை எடுத்து ஆலையில் அரைத்து, அரிசியை மறுபடி களஞ்சியத்தில் வைப்பது போன்ற வேலை.

எந்த எண்ணை எடுப்பது, கூட்டுவதா பெருக்குவதா, விடையை எங்கே வைப்பது? இதை எல்லாம் எந்திரத்துக்கு யார் சொல்வது? அதற்குப் பாபேஜ் நெசவுத் தறியில் இருந்து வழி கண்டார். பிரான்சு நாட்டில் ஜக்கார்டு என்பவர் ஒரு தறியைச் செய்து இருந்தார். துளை போட்ட அட்டைகளை அதில் கோத்துவிட்டால், அந்தத் துளைகளின்படி பூவும் கொடியும் துணியில் விழும். பட்டுச் சேலைக் கரையில் பூ விழுவதற்கும் இந்த ஜக்கார்டு முறை பயன்படுகிறது.

அதே மாதிரி அட்டையைக் கணக்குக்கும் வைத்தார் பாபேஜ். கணக்கை அட்டையில் துளையாகப் போட்டால், எந்திரம் அதன்படி நடக்கும்.

எல்லாம் காகிதத்தில்தான். எந்திரம் உருவாகவில்லை. முதல் எந்திரத்துக்கே அரசாங்கம் 17 ஆயிரம் பவுனுக்கு மேல் செலவழித்து இருந்தது. அது முடியாமலே கிடந்தது. 1842-ல் அரசாங்கம் கையை விரித்துவிட்டது.

குடும்பமும் படிப்பும்

இதற்கு இடையில் 1835-ல் அடாவுக்குத் திருமணம் நடந்தது. கணவர் வில்லியம் கிங். 1838-ல் அவர் லவ்லேஸ் பிரபு ஆனார். அடா, லவ்லேஸ் சீமாட்டி ஆனார். மூன்று குழந்தைகள் பிறந்தார்கள்.

இங்கிலாந்தில் பெண்களுக்குப் பல்கலைக் கழகக் கதவு திறக்காத காலம் அது. மூன்று குழந்தைகளுக்குத் தாயான அடா, டி மார்கன் என்ற பேராசிரியரிடம் கடிதம் மூலம் உயர் கணிதம் படித்தார். புரியாததைப் புரிந்ததாகச் சொல்லும் பழக்கம் அவரிடம் இல்லை. சின்னச் சந்தேகத்தையும் விடாமல் கேட்டு எழுதினார்.

அந்தப் பழக்கம் பிறகு உலகத்துக்கே பயன்பட்டது. ஓர் இடம் ஏன் புரியவில்லை என்று அறிந்தவரால்தானே, அந்த இடத்தைப் பிறருக்குப் புரியும்படி எழுத முடியும்!

ஏழு குறிப்புகள்

1840-ல் பாபேஜ் இத்தாலியில் உள்ள டூரின் நகரத்துக்குப் போய்த் தன் புதிய எந்திரத்தைப் பற்றிப் பேசினார். அதைக் கேட்ட மெனாப்ரியா என்ற பொறியாளர், பிரெஞ்சு மொழியில் ஒரு கட்டுரை எழுதினார். 1842-ல் அது வெளிவந்தது. அதை அடா ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

இவ்வளவு தெரிந்த நீங்களே ஏன் சொந்தமாக எழுதக் கூடாது என்று பாபேஜ் கேட்டார். கட்டுரையோடு குறிப்புகளும் சேர்க்கும்படி யோசனை சொன்னார்.

அடா எழுத உட்கார்ந்தார். ஏழு குறிப்புகள் எழுதினார். எழுதி முடித்தபோது, குறிப்புகள் கட்டுரையைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தன!

கடைசிக் குறிப்புதான் புகழ் பெற்றது. பெர்னூலி எண்கள் என்று கணிதத்தில் ஒரு வரிசை உண்டு. அவற்றைக் கண்டுபிடிப்பது கடினமான வேலை. மனிதர் யாரும் நடுவில் கை வைக்காமல், எந்திரமே அவற்றைக் கண்டுபிடிக்க எப்படிக் கட்டளை தர வேண்டும் என்று அடா ஓர் அட்டவணையில் காட்டினார்.

அட்டவணையில் 25 வரிசைகள். ஒவ்வொரு வரிசையும் ஒரு வேலை.

அதை எழுதிய முறையில்தான் அடாவின் திறமை இருக்கிறது. முதலில் வேலையின் எண். பிறகு, அது கூட்டலா, கழித்தலா, பெருக்கலா, வகுத்தலா என்பது. பிறகு, எந்த எண்களை எடுக்க வேண்டும் என்பது. பிறகு, விடையை எங்கே வைக்க வேண்டும் என்பது. அத்துடன் அவர் நிறுத்தவில்லை. இந்த வேலை நடந்த பிறகு, களஞ்சியத்தில் எந்த எண் மாறியது, எந்த எண் மாறாமல் இருக்கிறது என்பதையும் தனியாக எழுதினார்.

ஏன் இவ்வளவு? சமையல் சொல்லிக் கொடுக்கும் பாட்டி, உப்பு வேண்டிய அளவு போடு என்பார். பேத்தி புரிந்துகொள்வாள். எந்திரத்துக்கு வேண்டிய அளவு என்றால் என்ன என்று தெரியாது. அளவைச் சொல்ல வேண்டும். எந்தப் பானையில் போடுவது என்று சொல்ல வேண்டும். முன்பே உப்புப் போட்டாயிற்றா என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒரே வேலை பல முறை வருமானால், அதைத் திரும்பத் திரும்ப எழுதவில்லை அடா. 13-வது வேலை முதல் 23-வது வேலை வரை மறுபடியும் செய்ய வேண்டும் என்று குறித்தார். கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதுகிறவர்கள் இன்றும் இதைச் செய்கிறார்கள்.

மையும் பென்சிலும்

1843-ம் ஆண்டின் கோடைக்காலம் முழுவதும் இந்த வேலையிலேயே போயிற்று. அடாவின் உடல்நிலை சரியாக இல்லை. பாபேஜுக்கும் அவருக்கும் இடையே கடிதங்கள் பறந்தன. பென்சிலால் அடா போட்ட அட்டவணையைக் கணவர் மையால் எழுதிக் கொடுத்தார்.

பெர்னூலி எண்களுக்கான கணக்கைப் பாபேஜ் போட்டு அனுப்பினார். அதில் அவர் செய்து இருந்த பெரிய தவறு ஒன்றை அடா கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினார். பிற்காலத்தில் பாபேஜே இதைத் தன் நூலில் ஒப்புக்கொண்டார்.

எந்திரத்துக்கான கட்டளைகளில் பாபேஜின் பங்கு எவ்வளவு, அடாவின் பங்கு எவ்வளவு என்று ஆராய்ச்சியாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். அடாவுக்கு முன்பே பாபேஜ் சில கட்டளை வரிசைகளை எழுதி வைத்து இருந்தார். ஆனால் அவை அவருடைய பெட்டிக்குள் இருந்தன. பிறர் படித்து அறியும்படி முழுமையாக எழுதி அச்சில் தந்தவர் அடா.

பெரிய சண்டை

அச்சுக்குப் போகும் நேரத்தில் ஒரு சண்டை வந்தது.

அரசாங்கம் தன்னைக் கைவிட்டதே என்று பாபேஜுக்குக் கோபம். அரசாங்கத்தைத் தாக்கி ஒன்று எழுதி, தன் கையெழுத்து இல்லாமல் அதை இந்தக் கட்டுரையோடு சேர்க்கப் பார்த்தார். கையெழுத்து இல்லாமல் போட முடியாது என்று பத்திரிகைக்காரர்கள் மறுத்தார்கள். அப்படியானால் கட்டுரையையே திரும்ப வாங்கிவிடுங்கள் என்று அடாவிடம் சொன்னார் பாபேஜ்.

பாபேஜ் அடாவைவிட 24 வயது மூத்தவர். குரு போன்றவர். எந்திரமும் அவருடையது. அடா என்ன செய்வார்?

முடியாது என்று சொல்லிவிட்டார். கொடுத்த வாக்கை மீற மாட்டேன் என்பது அவர் முடிவு. எந்திரத்தை விளக்குவதற்காக எழுதியது, சண்டை போடுவதற்கு ஆயுதம் ஆகக் கூடாது என்றும் அவர் நினைத்தார்.

கட்டுரை வெளிவந்தது. பாபேஜின் கோபமும் தணிந்தது. கடைசி வரை இருவரும் நண்பர்களாகவே இருந்தார்கள்.

கட்டுரையில் அடாவின் பெயர் இல்லை. ஏ. ஏ. எல். என்ற மூன்று எழுத்துகள் மட்டும் இருந்தன.

ஒரு பிழை

இவ்வளவு கவனமாக எழுதிய அட்டவணையிலும் ஒரு பிழை நேர்ந்துவிட்டது. 4-வது வேலையில், எதை எதால் வகுக்க வேண்டும் என்பது தலைகீழாக அச்சாகி இருக்கிறது.

பக்கத்திலேயே சரியான விடை எழுதப்பட்டு இருப்பதால், படிக்கும் மனிதர் பிழையைக் கண்டுகொள்வார். எந்திரமோ எழுதியபடியே வகுத்து இருக்கும். அதற்குப் பிறகு வரும் எல்லா எண்களும் தவறாகி இருக்கும்.

அந்த எந்திரம் கட்டப்படவே இல்லை. ஆகவே ஓட்டிப் பார்த்துத் திருத்தும் வாய்ப்பு அடாவுக்குக் கிடைக்கவில்லை.

பாட்டும் எந்திரமும்

அடா யாழ் போன்ற ஹார்ப் வாத்தியம் வாசிப்பார். தன் குறிப்பு ஒன்றில் அவர் அபூர்வமான ஒரு கருத்தைச் சொன்னார். சுரங்களுக்கு இடையே உள்ள உறவை எந்திரத்துக்குப் புரியும் விதிகளாக எழுத முடிந்தால், அது பாட்டுக்கூட அமைக்கும் என்றார். எந்திரம் எண்ணை மட்டும் ஆள்வது அல்ல, எண்ணால் குறிக்கக்கூடிய எதையும் ஆளும் என்று கண்டார். பாபேஜ்கூட இவ்வளவு தூரம் சொல்லவில்லை.

ஆனால் எந்திரத்தை அவர் தெய்வம் ஆக்கவில்லை. எந்திரம் தானாக எதையும் தோற்றுவிக்காது, நமக்குக் கட்டளையிடத் தெரிந்ததை மட்டுமே செய்யும் என்றும் எச்சரித்தார்.

கடைசிக் காலம்

அடாவின் கடைசி ஆண்டுகள் துன்பமானவை. குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டி ஆயிரக்கணக்கான பவுன் தோற்றார். குடும்ப நகைகளை ரகசியமாக அடகு வைத்தார். தாயார் பணம் கொடுத்து மீட்டார். கணக்கில் அவ்வளவு கெட்டிக்காரர், பந்தயக் கணக்கில் ஏமாந்து போனார்!

பிறகு புற்றுநோய் வந்தது. பல மாதங்கள் வேதனைப்பட்டு, 1852-ம் ஆண்டு நவம்பர் 27-ந் தேதி கண்ணை மூடினார். தந்தை இறந்த அதே 36-வது வயதில்!

உயிரோடு இருந்தபோது பார்க்க முடியாத தந்தையின் பக்கத்திலேயே தன்னைப் புதைக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். அப்படியே ஹக்னால் என்ற ஊரின் தேவாலயத்தில் தந்தையும் மகளும் அடுத்தடுத்துத் துயில்கிறார்கள்.

நூறு ஆண்டுக்குப் பிறகு

அடாவின் குறிப்புகளை நூறு ஆண்டுகள் பெரும்பாலோர் மறந்து இருந்தார்கள். பிறகு மின்சாரக் கம்ப்யூட்டர்கள் வந்தன. 1950-ல் ஆலன் டூரிங் என்ற ஆங்கிலக் கணித அறிஞர், எந்திரம் சிந்திக்குமா என்று ஒரு கட்டுரை எழுதினார். எந்திரம் தானாக எதையும் தோற்றுவிக்காது என்ற அடாவின் கருத்தை அதில் எடுத்து, அதற்குப் பதில் சொன்னார். 1953-ல் அடாவின் குறிப்புகள் ஒரு புத்தகத்தில் மறுபடியும் அச்சாயின.

1979-ல் அமெரிக்க ராணுவத் துறை ஒரு கம்ப்யூட்டர் மொழிக்கு அடா என்று பெயர் வைத்தது. அந்த மொழியின் இலக்கண ஏட்டுக்குக் கொடுத்த எண் 1815. அது அடா பிறந்த ஆண்டு.

இன்றைய எந்திரம்

இன்று ஏ.ஐ. ஏஜெண்டு என்ற புதுவகை வேலையாள் வந்து இருக்கிறது. அதுவும் ஒரு கம்ப்யூட்டர் நிரல்தான். ஊருக்குப் போக டிக்கெட் எடுத்துக் கொடு என்றால், அது அதற்கான சாப்ட்வேர் கருவியைத் தேடி எடுத்து, தானே அதை இயக்கும். கருவியை எப்படி இயக்குவது? அதோடு எழுதி வைத்து இருக்கும் விளக்கத்தைப் படித்துத்தான்.

அந்த விளக்கம் அரைகுறையாக இருந்தால் என்ன ஆகும்? தேதி கொடுக்கவும் என்று மட்டும் எழுதி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 5-6 என்றால் ஜூன் 5-ந் தேதியா, மே 6-ந் தேதியா? சீட்டை ரத்து செய்தால் பணம் திரும்புமா? ஒரு முறை ரத்து செய்ததை மறுபடி பெற முடியுமா? எழுதாத இடத்தில் ஏஜெண்டு தானே ஊகித்துக்கொண்டு மேலே போகக்கூடும். ஊகம் தவறினால், பெட்டி படுக்கையோடு பஸ் நிலையத்தில் திகைத்து நிற்பது ஒரு குடும்பம்.

இந்தக் கருவி எதற்கு, எதற்கு அல்ல? என்ன கொடுக்க வேண்டும்? என்ன கிடைக்கும்? எது மாறும், எது மாறாது? தவறு நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும்? நல்ல விளக்கம் இவற்றுக்கு எல்லாம் பதில் சொல்லும். அடாவின் அட்டவணையில் இருந்த கட்டங்களை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான்!

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தும் கற்றார்கள், சைக்கிளும் கற்றார்கள். சைக்கிள் பழகும்போது பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு ஓடி வரலாம். எந்திரத்துக்கு அப்படிப் பிடிக்க ஆள் கிடையாது. எழுத்து ஒன்றுதான் பிடிமானம்.

குடுமியான்மலைக் கல்லில் சுரங்கள் அழியாமல் இருக்கின்றன. அவற்றின் குறி விளங்கவில்லை. அடா விளக்கிய எந்திரமோ பிறக்கவே இல்லை. ஆனால் அதை எப்படி இயக்குவது என்பது, படிக்கிற எவருக்கும் இன்றும் விளங்குகிறது.